விடாது கருப்பு கடைசி வாரம்: அப்பத்தா சொன்ன முடிவுதானா அது?

ஆண்டிபட்டிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கடைசியில்தான் வரும், அதற்கு முன்னால் கொஞ்சம் கதை உண்டு. அவசரக்காரர்கள் நேராகக் கீழே போய்விடலாம்.

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து போனில் டெல்லி கணேஷ் காலமான செய்திதான் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கே அத்தை மகன் ஒரு வரி அனுப்பினான்: "மாப்ள, நம்ம கருப்பு எழுதுனவரும் போயிட்டாரு." பெயர் போடவில்லை. எங்கள் இரண்டு பேருக்குள் பெயர் தேவையும் இல்லை. விடாது கருப்பு டிவி சீரியலின் கதையை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் இறந்துபோனார். எனக்கு ஓசூர் பட்டறையில் ஞாயிறு ஷிப்ட். லேத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். நேரில் பார்த்தே இராத ஒரு மனுஷருக்காக ஷிப்ட் நடுவில் மெஷினை நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

எங்கள் ஊர் ஆண்டிபட்டி பக்கம், நெசவு ஊர். தெருவுக்குள் வெளியாள் நுழைந்தால் விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கும். எங்களுக்கு அது சத்தமாகவே தெரியாது, நின்றால்தான் தெரியும். அது மொத்தமாக நிற்பது இரண்டு சமயத்தில்தான். கரண்ட் போனால், இல்லையென்றால் தெருவில் யாராவது செத்துப்போனால். டிவியில் மர்மதேசம் என்ற தொடர் வரிசை வந்த பிறகு (விடாது கருப்பு அதில் ஒன்று) மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. வாரத்தில் ஒரு நாள் ராத்திரி அந்த நேரம் நெருங்கினால் ஒவ்வொரு வீடாகத் தறி ஓயும். அப்படி ஓய்வது ஒரு மாதிரி பயமாக இருக்கும். சீரியல் தொடங்குவதற்கு முன்பே பாதி பயம் அதிலேயே வந்துவிடும்.

நாங்கள் பார்க்கப் போவது நூல்கடைக்காரர் வீட்டுக்கு. டயனோரா, கருப்பு வெள்ளை. அதன் முகத்தில் கலர் கண்ணாடி ஒன்று மாட்டியிருப்பார்கள். மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை. வானமும் வயலும் வந்தால் பொருத்தமாக இருக்கும். மனுஷ முகம் பக்கத்தில் வந்தால் நெற்றி நீலமாகவும் தாடை பச்சையாகவும் தெரியும். விடாது கருப்பு பார்க்க அதைவிடச் சரியான டிவி உலகத்திலேயே கிடையாது.

இதில் எங்களுக்கு இன்னொரு சிக்கல். எங்கள் குலசாமியே கருப்புதான். ஊர் எல்லையில் புளியமரத்தடி, கூரை கிடையாது. ஆளுயர அரிவாள் நாலு, மண்குதிரை இரண்டு, அதில் ஒன்றுக்குக் காது உடைந்திருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை கிடாவெட்டு, சுருட்டு, சாராயம். மற்ற நாளில் அந்தக் குதிரை மேல் ஏறித்தான் விளையாடுவோம். எங்களைப் பொறுத்தவரை கருப்பு என்றால் கொஞ்சம் முரட்டுத்தனமான பெரியப்பா மாதிரி. சின்னப் பிள்ளைகளை ஒன்றும் செய்ய மாட்டார். அந்த நம்பிக்கையைத்தான் சீரியல் அசைத்துவிட்டது. கதை நடக்கிற தோட்டக்காரமங்கலத்தில் ராத்திரி குதிரையில் வருவது கருப்பா, கருப்பு பேரைச் சொல்லிக்கொண்டு வருகிற ஆளா? சாமி என்றால் பயமில்லை, நாம் ஒரு தப்பும் செய்யவில்லையே. ஆள் என்றால்? சாமியைவிட மனுஷனுக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்தப் பத்து வயதில்தான்.

முடிந்து வீட்டுக்குத் திரும்புகிற தூரம் இருநூறு அடி இருக்கும். அத்தை மகன் முன்னால், அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நான், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தங்கச்சி. கடைசியில் அப்பத்தா, வெற்றிலையை மென்றுகொண்டு. அப்பத்தா பின்னால் வருகிறது என்பதுதான் ஒரே தைரியம். அது சீரியல் பார்க்கும்போது சும்மா இருக்காது. கருப்பு உண்டா என்று யாராவது சந்தேகமாகப் பேசினால் டிவியைப் பார்த்தே திட்டும். "வந்துட்டாரு பெரிய படிச்சவரு."

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடைசி வாரம் நான் பார்க்கவில்லை. எனக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை சொருகி, கோரைப்பாயில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்துவிட்டார்கள். மூணாம் தண்ணி ஊற்றுகிற வரைக்கும் வாசல் தாண்டக் கூடாது. முடிவு தெரியாமல் போகப்போகிறதே என்று உடம்பு அரிப்பைவிட அதற்குத்தான் அதிகம் அழுதேன். அன்றைக்கு ராத்திரி அப்பத்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் தடவிக்கொண்டே முடிவைச் சொன்னது. கருப்பு குதிரையை விட்டு இறங்கினாராம். கதையில் வருகிற ராஜேந்திரன் பையன் தலையில் கை வைத்து, "நான் இருக்கும்போது ஒனக்கென்னடா பயம்" என்றாராம். அப்புறம் குதிரை ஏறி மேற்கே மலைப்பக்கம் போய்விட்டாராம். போகிற குதிரைக்கு ஒரு காது இல்லையாம்.

அந்த ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

திண்டுக்கல்லில் பாலிடெக்னிக் படித்தபோது ஹாஸ்டலில் ஒருவன், அப்படியெல்லாம் முடிவு இல்லை, அது மனநோய்க் கதை, ஒரே உடம்புக்குள் இரண்டு ஆள் என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கள் அப்பத்தாவே பார்த்தது என்று சண்டை போட்டேன். இரண்டு செட் புரோட்டா பந்தயம் கட்டி, அதைத் தீர்க்காமலே படிப்பு முடிந்தது. அப்பத்தா 2009இல் தவறிவிட்டது. அதற்குப் பிறகு முடிவைத் தேடிப் பார்க்கவே எனக்கு மனசு வரவில்லை. இப்போது கதை எழுதியவரும் போய்விட்டார். பார்த்துவிடலாமா என்று இருக்கிறது.

கேள்வி இரண்டு. ஒன்று, கடைசி வாரத்தில் அப்பத்தா சொன்ன மாதிரி ஒரு காட்சி உண்டா? இரண்டு, என் பெண்ணுக்குப் பதினொரு வயது. அவளோடு சேர்ந்து பார்க்கலாமா, இல்லை பயந்துவிடுவாளா?


பழைய புத்தகக் கடை

தம்பி, முதல் கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். கருப்பு யார் என்று பொதுவில் போட்டு உடைப்பது பாவம். இங்கே இன்னும் பார்க்காதவர்கள் இருப்பார்கள். உங்கள் ஹாஸ்டல் நண்பர் முழுப் பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து டிவிக்கு முன்னாலேயே பழக்கம். மாத நாவல் காலம் அது. மதுரை பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்புவதற்குள் ஒன்றை வாங்கி, திருமங்கலம் தாண்டுவதற்குள் கொலை விழுந்து, விருதுநகர் வரும்போது யார் என்று தெரிந்துவிட வேண்டும். அந்தக் கூட்டத்தில் இவர் மட்டும் வேறு மாதிரி. மற்றவர்கள் கதையில் பிணம் ஓட்டல் அறையில் கிடக்கும், இவர் கதையில் கோயில் பிராகாரத்தில் கிடக்கும். துப்பு கைரேகையில் இருக்காது, கல்வெட்டிலோ ஓலையிலோ இருக்கும். விடாது கருப்புக்கு மூலம் விட்டுவிடு கருப்பா என்ற அவருடைய நாவல். மர்மதேசத்தில் அதற்கு முன்னால் வந்த தொடரான ரகசியம், ரகசியமாக ஒரு ரகசியம் என்ற நாவலில் இருந்து வந்தது.

ரகசியத்தில் நவபாஷாண லிங்கம் வரும், ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது பாஷாணத்தைக் கட்டிச் செய்தது. அந்தச் சரக்கை அவர் ஆகாயத்தில் இருந்து எடுக்கவில்லை. பழனி முருகன் சிலை போகர் செய்த நவபாஷாணம் என்று நம்புகிற ஊர்தானே நம்முடையது. கொடைக்கானல் மேலே பூம்பாறையில் இருக்கிற குழந்தை வேலப்பரையும் அப்படித்தான் சொல்கிறார்கள். (தேவிபட்டினத்துக் கடலுக்குள் இருக்கிற நவபாஷாணம் வேறு. அது ஒன்பது கல், நவகிரகம். சீரியல் வந்த சமயத்தில் இதை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை.) ஏற்கெனவே பாட்டி சொல்லிப் பாதி நம்பிக்கொண்டிருக்கிற விஷயத்தை எடுத்து, நடுவில் ஒரு கொலையைப் போடுவார். மீதிப் பாதி நம் மூளையிலேயே நடக்கும்.

கருப்பும் அப்படித்தான். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பசாமியைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பார்ப்பதற்குச் சிலை கிடையாது, சாத்திய கதவுக்குத்தான் சந்தனம், மாலை, கும்பிடு எல்லாம். பொய்ச் சத்தியம் செய்ய அந்தக் கதவின் முன்னால் எவனும் துணிய மாட்டான். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரை கிளம்பும்போது, கொண்டுபோகிற நகைகளின் பட்டியலை அந்த வாசலில் நின்று வாசித்துவிட்டுத்தான் புறப்படுவார்கள். கணக்குக் கேட்க ஒருத்தன் இருக்கிறான் என்று அர்த்தம். கதவுக்குப் பின்னால் என்ன என்பது கேட்கக் கூடாத கேள்வி. மதுரையில் வாழ்ந்த ஒரு எழுத்தாளர் அந்தக் கதவை எத்தனை தடவை பார்த்திருப்பார்! விடாது கருப்பு முழுவதும் எனக்கு அந்தக் கதவாகத்தான் தெரிந்தது. ஒவ்வொரு சம்பவத்துக்கும் இரண்டு பதில் இருக்கும். ஆளும் செய்திருக்கலாம், சாமியும் செய்திருக்கலாம். ஒன்றை வைத்து மற்றதை அடித்துவிட மாட்டார்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் அவர் ஆன்மிகத் தொடர்கள், சொற்பொழிவுகள் என்று போனபோது அந்த இரண்டில் ஒரு பதில் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்விட்டது. பக்தியாகப் படித்தவர்களுக்குத் திருப்தியாக இருந்திருக்கும். எனக்கு அந்தச் சந்தேகம்தான் பிடித்திருந்தது.


ஈரோடு மஞ்சள்

எங்கள் வீட்டில் மர்மதேசத்துக்குத் தடை. அப்பா பெரியார் கட்சி. பிள்ளையார் படம் போட்ட காலண்டர்கூட வீட்டுக்குள் வராது. "மூடநம்பிக்கையை வாராவாரம் கூறு கட்டி விக்கிறான்" என்பார். நானும் அக்காவும் மாடி வீட்டு மாமி ஜன்னல் வழியாகப் பாதி, பள்ளிக்கூடத்தில் தோழிகள் சொல்லிப் பாதி என்று தேற்றிக்கொண்டோம்.

வேடிக்கை என்னவென்றால் ஒரு வாரம் அப்பா எங்களைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். திட்ட வந்தவர் ஜன்னல் பக்கம் நின்று இரண்டு நிமிஷம் பார்த்தார், அப்புறம் ஐந்து நிமிஷம், அப்புறம் மாமி நாற்காலி கொண்டுவந்து போட்டார். அடுத்த நாள் சாப்பிடும்போது, "ஊர்ல எவனோ ஒரு பெரிய மனுசன் செஞ்சிட்டு சாமி மேல போடுறான், அவ்வளவுதான், பாருங்க" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அது பகுத்தறிவுத் தொடராகிவிட்டது! வாராவாரம் யார் குற்றவாளி என்று அப்பா ஒரு பெயர் சொல்வார், அடுத்த வாரம் மாற்றிக்கொள்வார். மாடி மாமி அதே தொடரைப் பார்ப்பதற்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு உட்காருவார். ஒரே டிவி, ஒரே கதை.

ஆனால் நான் இந்திரா சௌந்தர்ராஜனுடைய எல்லாவற்றையும் தூக்கிவைத்துப் பேச மாட்டேன். மர்மதேசத்திலேயே சொர்ண ரேகை எனக்கு ஒட்டவில்லை, கைரேகை ஜோசியத்துக்கு ரொம்பவும் இடம் கொடுத்த மாதிரி இருந்தது. அவருடைய இன்னொரு தொடர் கிருஷ்ணதாசி வந்தபோது நான் கல்லூரி. அதில் ஜெமினி கணேசன் வருவார் என்பதற்காகவே அம்மா பார்த்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்தைப் பற்றி எங்கள் வீட்டில் முதல் தடவையாக வாய்விட்டுப் பேசியது அந்தச் சமயத்தில்தான். அதற்காக அவருக்கு நன்றி சொல்லலாம்.


சோழவந்தான் மதினி

எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். அம்மை போட்ட வீட்டு ஆள் மூணாம் தண்ணி ஊற்றாமல் இன்னொரு வீட்டுப் படி ஏற மாட்டார்களே. எங்கள் பக்கம் பக்கத்து வீட்டில் தீக்குச்சிகூட வாங்க மாட்டோம். உங்கள் அப்பத்தா எப்படித் தம்பி நூல்கடைக்காரர் வீட்டுக்குள் போய் டிவி பார்த்தது?


ஆண்டிபட்டிக்காரன்

மதினி, இதைப் படித்துவிட்டு ஐந்து நிமிஷம் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக எனக்கு இது தோன்றவே இல்லை. அப்பத்தா இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. நூல்கடைக்காரர் வீட்டம்மா வாசலில் நின்று கூப்பிட்டுப் பேசினால்கூட, "தள்ளி நில்லு தாயி, ஆத்தா வந்திருக்கா" என்று சொல்கிற ஆள். அது போயிருக்கவே முடியாது.

அத்தைக்குப் போன் போடுகிறேன்.


நைட் டூட்டி

நான் மனநலப் பிரிவில் நர்ஸ். பதினெட்டு வருஷம் ஆகிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் வந்தேன்.

என் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். நன்றாக இருப்பார், திடீரென்று வேறு ஆள் மாதிரி பேசுவார். வேறு குரல், வேறு பார்வை. பேய் என்று சொல்லி ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போனார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வழி. விடாது கருப்பு வந்தபோது நான் ஒன்பதாவது. ஒரு மனுஷனுக்குள் இப்படி நடக்கும், சின்ன வயதில் பட்ட அடி உள்ளே போய் ஒளிந்துகொள்ளும், அதற்கு டாக்டர் உண்டு என்று நான் முதலில் கேள்விப்பட்டது புத்தகத்தில் இல்லை, பள்ளிக்கூடத்தில் இல்லை, அந்தத் தொடரில்தான். கதைக்காக மிகைப்படுத்தியிருக்கிறார்கள், வார்டில் நான் பார்க்கிறவர்கள் யாரும் அப்படி இல்லை, குதிரையில் வந்து யாரையும் கொல்வதும் இல்லை. மனநோய் உள்ளவர் என்றாலே ஆபத்தானவர் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்ற கவலை எனக்கு உண்டு. ஆனாலும் அந்தக் கதை தோட்டக்காரமங்கலம் மாதிரி ஒரு கிராமத்தில் நடந்தது பெரிய விஷயம். பட்டணத்துப் பங்களாவில் நடந்திருந்தால் நாங்கள் எங்களுக்கு வராத நோய் என்று இருந்திருப்போம்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப்போனார்கள். எங்கள் தெரு அண்ணன் அதற்கு இரண்டு வருஷம் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். அவருடைய தங்கச்சி அடம்பிடித்து மதுரைக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். அந்த அக்காவும் தவறாமல் சீரியல் பார்த்தவள்தான். அதனால்தான் கூட்டிப்போனாள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு இரண்டும் சேர்ந்தே ஞாபகம் வரும், அவ்வளவுதான்.

உங்கள் பெண் பார்க்கலாம். தனியாக வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள். ஒரே மூச்சில் ஆறு ஏழு பகுதி பார்க்க விடாதீர்கள். ராஜேந்திரன் சின்னப் பையனாகக் கஷ்டப்படுகிற இடங்களில்தான் பிள்ளைகள் ரொம்ப பாதிக்கப்படுவார்கள், கருப்பு வருகிற இடத்தில் இல்லை. அங்கே நிறுத்திப் பேசுங்கள்.


எழுத்துப்பிழை

எல்லாவற்றையும் எழுத்தாளர் கணக்கில் எழுதிவிடாதீர்கள் என்பதற்காக வந்தேன். கதை அவருடையது, சரி. அதை அந்த மாதிரி டிவியில் காட்டியது இயக்குநர் நாகா. தயாரித்தது மின்பிம்பங்கள், பாலசந்தரின் மகன் கைலாசம் நடத்தியது. 2014இல் ஆகஸ்டில் மகன், டிசம்பரில் அப்பா என்று இருவருமே போய்விட்டார்கள். அன்றைக்கு மற்ற தொடர்களில் சோபாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். இவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துக்கும் வயலுக்கும் போனார்கள். பெரிய ராஜேந்திரன் ஒரு காலத்தில், சின்ன ராஜேந்திரன் இன்னொரு காலத்தில் என்று இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். வாரம் ஒருமுறை வருகிற தொடரில் ஜனங்கள் குழம்பாமல் பின்தொடர்ந்தார்கள் என்றால் அது இயக்கம். சேத்தனும் தேவதர்ஷினியும் அதில் சேர்ந்து நடித்து, அப்புறம் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பது உபரித் தகவல்.

கவிதாலயா யூடியூப் சேனலில் இருக்கிறது. படம் கொஞ்சம் மங்கல்தான். உங்கள் டயனோராவுக்கு அது எவ்வளவோ மேல்.


ஆண்டிபட்டிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது.

அத்தையிடம் கேட்டேன். அத்தை முதலில் சிரித்தது. அப்புறம் சொன்னது. அன்றைக்கு அப்பத்தா நூல்கடைக்காரர் வீட்டுக்குள் போகவில்லை. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலி, அந்தப் பக்கம் அவர்கள் வீட்டு ஜன்னல். வேலிக்கு இந்தப் பக்கம், எங்கள் இடத்துக்குள்ளேயே, ஆட்டுரல் மேல் உட்கார்ந்துகொண்டு முழுவதையும் காதால் கேட்டிருக்கிறது. தெரு முழுக்கத் தறி ஓய்ந்திருந்ததால் பேச்சு நன்றாகக் கேட்டிருக்கும் என்று அத்தை சொன்னது. படம் ஒரு துளி தெரியாது. யார் பேசுகிறார்கள், யார் அழுகிறார்கள், யார் ஓடுகிறார்கள் என்று அதுவே வைத்துக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் உள்ளே வந்து அத்தையிடம், "என்னமோ டாக்டரு, வியாதின்னு பேசுறாங்க, புள்ளகிட்ட இதப் போயிச் சொன்னா ராத்திரி தூங்குமா?" என்று கேட்டதாம். அப்புறம்தான் வேப்பங்கொத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதாவது ஹாஸ்டல்காரன் சொன்னது அப்பத்தாவுக்கு அன்றைக்கே தெரியும். காது உடைந்த குதிரை எப்படிக் கதைக்குள் வந்தது என்று இத்தனை வருஷம் கழித்து இப்போது புரிகிறது. தோட்டக்காரமங்கலத்துக் குதிரைக்குக் காது சரியாகத்தான் இருந்திருக்கும். புரோட்டா கடன் எனக்குத்தான் என்று ஒத்துக்கொள்கிறேன். அவன் நம்பர் கிடைத்தால் கொடுத்துவிடுவேன்.

நைட் டூட்டி அக்கா சொன்னபடி பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கிவிட்டேன். வாரம் ஒன்றுதான் என்று சட்டம் போட்டிருக்கிறேன். முதல் பகுதி முடிந்ததும் அவள் கை தானாக அடுத்ததை அழுத்தப் போனது. போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். "ஒரு வாரமா? அதுக்குள்ள மறந்துபோயிடும்" என்றாள். மறக்கவில்லை. புதன்கிழமையே, அவள்பாட்டுக்கு இரண்டாம் பகுதியில் என்ன நடக்கும் என்று பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் நின்று கேட்டேன். அவள் கதையில் ராஜேந்திரனுக்கு ஒரு நாய் இருக்கிறது. பெயர்கூட வைத்துவிட்டாள்.

கடைசிப் பகுதி வர இன்னும் ரொம்ப நாள் இருக்கிறது. அதை ஊருக்குப் போய் அத்தை வீட்டில் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். அத்தையும் அன்றைக்கு அம்மை வீட்டுக்குள்தானே இருந்தது, அதுவும் பார்த்ததில்லையாம். அத்தை மகன் ஒருத்தன்தான் பார்த்தவன். அந்த வாரம் அவன் அவனுடைய அப்பா ஊரில் இருந்தான். இத்தனை வருஷமாக அவன் என்னிடம் வாய் திறக்கவில்லை என்பதையும் இப்போதுதான் யோசிக்கிறேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். முதல் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இதற்கு மேல் பதில் போடுகிறவர்கள் முடிவை மட்டும் எழுதிவிடாதீர்கள்.